பவித்ராவின் சாட்சி

செத்து இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, திண்டுக்கல் நாகல் நகர் ரவுண்டானாவில் பவித்ரா பேசினாள்.

"எம்பேரு பவித்ரா. பத்து வருசமா எனக்கு வலிப்பு இருந்துச்சு. நாலு மாசமா ஒரு தடவைகூட வரல. ஆண்டவர் என்னையத் தொட்டுட்டாரு. நான் சுகமாயிட்டேன். எங்க வீட்டுக்காரர் ஈஸ்வரன், நூல் மில்லுல டெஸ்டிங் லேப்ல இருக்காரு. அவரும் சாட்சி."

'சுகமாயிட்டேன்' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. வெந்நீர்ப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போதும், சண்டையை ஆரம்பிக்கும்போதும் அவள் எடுக்கும் அதே மூச்சு.

மில் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஈஸ்வரனுக்கு முதலில் பதில் சொல்லத்தான் வாய் திறந்தது. அதன் பிறகுதான் ஆட்டோவைப் பார்த்தான். கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். பின்பக்கம் பாஸ்டர் முத்துச்சாமியின் படம். முதலாம் ஆண்டு நினைவுக் கூடுகை, ஞாயிறு மாலை மூன்று மணி. டிரைவரை ஒட்டி உட்கார்ந்திருந்த ஆண்டனிராஜ், சபைக்கு மைக் செட் போடுகிறவர், பவித்ரா முடித்ததும் ஆரம்பித்தார்.

"கடைசி மூச்சு வரைக்கும் மாத்திரை தொடாத தேவ மனிதர்! அவர் கை தொட்டுச் சுகமானவர்கள் ஆயிரம் ஆயிரம்! வாருங்கள், சாட்சி கேளுங்கள்!"

ஆட்டோ நகர்ந்தது. ஈஸ்வரன் பின்னாலேயே நடந்தான். மில் பஸ் வந்து போயிற்று. மூன்று தெரு நடந்தான். ஆண்டனிராஜ் பேசும்போது நடை தளரும், அவள் பேசும்போது எட்டிப் போடும். வேகத்தடையில் ஆட்டோ குலுங்கி அவள் பேச்சு பாதியில் அறுந்தபோது, தாங்கிப் பிடிக்கிறவன் மாதிரி இவன் கை தானாக முன்னால் போயிற்று. பின்னால் வந்த பைக்காரன் ஹாரன் அடித்து, "ஏலே, ரோட்டைப் பாத்து நட" என்றான்.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'அவரும் சாட்சி' என்பதோடு அந்தப் பதிவை வெட்டியிருந்தார்கள். அதற்கு அடுத்தது என்ன என்று அவனுக்குத் தெரியும். அதற்கு அடுத்தது அவன் பேசுவான்.

முத்துச்சாமி பாஸ்டர் இளவயதில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் புரட்டி இரண்டு கையிலும் நகம் போய்விட்டது. முப்பத்திரண்டு வயதில் நெஞ்சில் காசம் கண்டு எலும்பாகக் கிடந்தவரை, வேதப்புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போகிற ஓர் அம்மாள் வந்து ஜெபித்து எழுப்பினாள் என்பது அவரே சொல்லும் கதை. எழுந்தவர் தோல் ஷாப்புக்குப் போகவில்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். குஜிலியம்பாறையிலிருந்து லாரி ஏறி வந்தார்கள். விபூதி பூசினவர்கள் வந்தார்கள், பேகம்பூரிலிருந்து புர்கா போட்ட பெண்கள் வந்தார்கள். அவர் கத்தமாட்டார். தலையில் கை வைத்துத் தாயின் பெயரைக் கேட்பார். அவ்வளவுதான். "அந்தக் கை வெயில்ல கெடந்த இரும்பு கணக்காச் சுட்டுச்சுங்க" என்று பவித்ரா வீட்டுக்கு வந்து உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சுகமானவர் மேடையேறி வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சுகம் நிலைக்கும். சொன்ன பிறகு மாத்திரையைத் தொட்டால் சொன்னதை மறுதலித்ததாகும் என்று சனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பாஸ்டர் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் சொன்னதை மறுத்ததும் இல்லை.

பவித்ரா சாட்சி சொன்ன நாளில் அவளுக்கு நான்கு மாதமாக வலிப்பு இல்லாதது உண்மை. அந்த நான்கு மாதமும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள் என்பதும் உண்மை. குழந்தை வேண்டுமென்றால் மாத்திரையை மெதுவாக மாற்ற வேண்டும், ஒரு வருடம் பொறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈஸ்வரனுக்கு அந்த ஒரு வருடம் மலையாகத் தெரிந்தது. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன், நூலை இழுத்து எத்தனை எடைக்கு அறுகிறது என்று பார்த்துக் குறித்துச் சம்பளம் வாங்குகிறவன். மேடையில் அவள் பேசி முடித்ததும் பாஸ்டர் மைக்கை இவன் பக்கம் நீட்டி, "தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். கீழே நாலாயிரம் முகம். மைக்கில் இவன் அதுவரை பேசியதில்லை.

"நம்புறேன் ஐயா. இன்னையிலிருந்து இவளுக்கு மாத்திரை வேண்டாம்."

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பாஸ்டர் இவனையே பார்த்துக்கொண்டு செத்த நேரம் நின்றார். பிறகு, "ஸ்தோத்திரம்" என்றார்.

அதுவரை பவித்ரா குளியலறைக் கதவைத் தாழ் போட்டதில்லை. போடக்கூடாது என்பது பத்து வருடப் பழக்கம். மறுநாள் காலை உள்ளே போனவள் படாரென்று தாழைப் போட்டுவிட்டு, "கேட்டுச்சா?" என்று உள்ளேயிருந்து சிரித்தாள். நாற்பத்தேழாவது நாள் முதல் ஷிப்டு முடிந்து இவன் வந்தபோதும் அந்தத் தாழ் போட்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சுடுகாட்டுக்கு வெளியே கேட்டைத் தாண்டி பாஸ்டர் நின்றதை இவன் மட்டும் பார்த்தான். வெயிலில், தலையில் துண்டுகூட இல்லாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

புதன்கிழமை மதியம் லேப் வாசலில் கருப்பம்மாள் வந்து நின்றாள். மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டுகிற வேலைக்கு நான்கு மாதம் முன்பு சேர்ந்தவள். தலைமுடி முழுக்கப் பஞ்சு.

"ஏந்தம்பி, வீட்டுக்காரம்மா ஊரு பூரா கேக்குற மாதிரி ஆட்டோல அம்புட்டு அழகாப் பேசுறாங்க. நீங்க என்னடான்னா வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு இருக்கீங்க."

ஈஸ்வரன் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஈஸ்வரன், டெஸ்டிங் லேப்னதும் நம்ம தம்பிதான்னு புரிஞ்சுக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லலியே நீங்க, கல்லுளிமங்கன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எம்மகளுக்கும் அந்தச் சீக்குதான் தம்பி. ஒம்பது வயசாகுது. பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்கார மாட்டேங்குதுக. நேத்து ராத்திரி மாத்திரைய நிறுத்திப்புட்டேன். ஞாயித்துக்கெழம மேடையேத்தி சாட்சி சொல்லப் போறேன்."

"நிறுத்தாதீங்க."

"அதென்ன, நீங்க மட்டும் நிறுத்தலாமாக்கும்?"

"டாக்டரைக் கேளுங்க."

"டாக்டரு ஆயுசுக்கும் சாப்புடுங்குறாரு. ஆயுசுக்கும்னா இவள எவன் தம்பி கட்டுவான்?" கருப்பம்மாள் இவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "வீட்டுக்காரம்மா நல்லாத்தான இருக்காங்க?"

கேள்வி நேராக வந்தது. பதில் ஒரு சொல். அந்தச் சொல்லைத் தேடி இவன் உள்ளே போனான். உள்ளே ஒன்றும் இல்லை. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிற்று.

"இருக்கா."

"அது போதும்யா" என்று கும்பிட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று ஷிப்டு முடியும்வரை எண்களை எழுதினான். ஓர் எண்ணும் தப்பாக எழுதவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, பவித்ரா சமையலறையில் இருக்கிறாள், 'இருக்கா'ன்னீங்கள்ல என்று கேட்கப்போகிறாள் என்று தோன்றியது. சமையலறைப் பக்கம் போகாமலே படுத்தான்.

வியாழக்கிழமை கருப்பம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று போனான். அவள் வேலைக்கு வரவில்லை. உபவாசம் இருக்க ஞாயிறுவரை லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். ஆபீசில் நம்பர் வாங்கி அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ரெட்டியார்சத்திரம் பஸ் ஏறினான். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பெரிய மண்டபம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்டரின் மகள் ஜீவிதா, அப்பாவுக்குப் பிறகு சபையை நடத்துகிறவள், காய் இறக்கும் ஆட்களை விட்டுவிட்டு இவனை உள்ளே கூட்டிப்போனாள். முப்பது வயதிருக்கும். அப்பாவின் தாழ்ந்த குரல் அப்படியே.

"உக்காருங்க பிரதர்."

"ஆட்டோல பேசுறது என் மனைவி."

"தெரியும். செவ்வாக்கெழமையே கேட்டேன். ஆண்டனிராஜ் பழைய பதிவுல தேடி எடுத்திருக்காரு. சிஸ்டர் இறந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அம்புட்டுத் தெளிவா வேற குரல் கெடைக்கல" என்றாள். சொன்ன பிறகு, வாயில் என்னவோ கசந்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஈஸ்வரன் கருப்பம்மாளைப் பற்றிச் சொன்னான். நான்கு வாக்கியம். தான் சொன்ன 'இருக்கா'வையும் விடாமல் சொன்னான். ஜீவிதா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"எங்கப்பாவுக்குப் பதினோரு வருசமாச் சர்க்கரை, பிரதர். தெனம் ரெண்டு வேளை மாத்திரை. நான்தான் குடுப்பேன். வெளிய யாருக்கும் தெரியாது. சிஸ்டர் எரியுறதப் பாத்துட்டு வந்தாரு பாருங்க, அன்னைக்கு டப்பாவ எடுத்து எங்கையில குடுத்துட்டாரு. 'அந்தத் தம்பி மாத்திரை வேண்டாம்னப்ப நான் குறுக்க பேசியிருக்கணும். நாலாயிரம் பேரு கை தட்டுனாங்க, நானும் ஸ்தோத்திரம்னேன். அந்தப் புள்ளைக்கு இல்லாதது எனக்கு எதுக்கு'ன்னாரு. கெஞ்சிப் பாத்தேன். அழுது பாத்தேன். அதுக்கப்புறம் ஒருத்தர் தலையில கை வைக்கல. காலு அழுகிப் போயிட்டாரு. சனங்க அத விசுவாசம்ங்கிறாங்க. 'மாத்திரை தொடாதவர்'னு நோட்டீஸ் அடிக்கிறாங்க. நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

இத்தனை நாள் தண்டனையைத் தான் ஒருவனே அனுபவிப்பதாக ஈஸ்வரன் நினைத்திருந்தான். சுடுகாட்டு வாசலில் மறைத்து வைத்த அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அவருக்காக அழவேண்டும் போலிருந்தது. பவித்ராவுக்கே அழுகை வராத கண் அது. வரவில்லை.

"இதை நீங்க சொல்லுங்க" என்றான்.

"நான் சொன்னா இந்த மண்டபத்துல ஈ, காக்கா இருக்காது. அப்பா படத்த ரோட்டுல போட்டு மிதிப்பாங்க." எழுந்து போனை எடுத்தாள். "ஆட்டோல சிஸ்டர் குரல இப்பவே நிறுத்தச் சொல்றேன்."

"அது போதாது."

"அப்ப நீங்க ஏறிச் சொல்லுங்க. சாட்சி நேரத்துல யாரு வேணாலும் ஏறலாம். சாட்சி சொல்றவங்க கையில இருந்து மைக்க வாங்கக்கூடாது, நடுவுல நிறுத்தக்கூடாது. அப்பா வச்ச ஒழுங்கு. நான்கூட மீற முடியாது."

"எனக்குப் பேச வராது."

"அன்னைக்கு வந்துச்சே பிரதர்."

அவள் குத்திக்காட்டவில்லை. அதனால்தான் பஸ் ஏறிய பிறகும் அது போகவில்லை.

சனிக்கிழமை குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் கருப்பம்மாளின் ஊருக்குப் போனான். வீடு பூட்டிக் கிடந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஜெபத்துக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் ஜெபம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்த ஆட்டோ நின்றிருந்தது. வெறும் அறிவிப்புதான். பவித்ரா பேசவேண்டிய இடத்தில் ஆண்டனிராஜ் தண்ணீர் குடித்தார். ஈஸ்வரன் அங்கேயே அரைமணி நேரம் நின்றான். அவள் குரல் நின்றது அவன் போய்ச் சொன்னதால்தான். ஆனாலும் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வெளியே பந்தலும் நிரம்பியிருந்தது. மேடைக்கு இடதுபக்கம் பெண்கள் வரிசை, வலதுபக்கம் ஆண்கள் வரிசை, நடுவில் கயிறு. பாட்டுச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. பெண்கள் வரிசையில் ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள், அடுத்து கருப்பம்மாள், அவளை ஒட்டி நின்று பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு மஞ்சள் கவுன் போட்ட பெண் பிள்ளை.

ஈஸ்வரன் கையைத் தூக்கி ஆட்டினான். கருப்பம்மாள் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரம்மா எங்கே என்று கையால் கேட்டாள்.

அப்போதுதான் பிள்ளையைக் கவனித்தான். கைதட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ மெல்லுவதுபோல அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினான். இதை எண்ணுவது அவனுக்குப் பழக்கம். பதினொன்றில் பிள்ளை மறுபடி கைதட்டியது. கருப்பம்மாள் ஒன்றும் அறியாமல் அதன் தலையைத் தடவிவிட்டாள். பவித்ராவுக்கும் இப்படித்தான். சின்னது இரண்டு மூன்று வரும், பிறகு பெரியது.

அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். "ஐயா, நான் போயிக்கிறேன்" என்று ஒதுக்கிவிட்டு மேடையேறினான். ஆண்டனிராஜ் மைக்கைக் கொடுத்தார்.

"எம்பேரு ஈஸ்வரன். ஆட்டோல பவித்ரான்னு ஒரு பொண்ணு பேசுனதக் கேட்டிருப்பீங்க. அது என் மனைவி."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

"அவ செத்துட்டா."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம், பழக்கத்தில். அடுத்த கணம் முன்வரிசையிலிருந்து பின்னால்வரை ஒவ்வொருவராக வாய் மூடுவது மேடையிலிருந்து தெரிந்தது.

"இதே எடத்துல சாட்சி சொன்ன நாப்பத்தேழாவது நாள் செத்தா. மாத்திரைய நிறுத்துனதால. நிறுத்தச் சொன்னது பாஸ்டர் இல்ல. நான். இந்த மைக்குலதான் சொன்னேன். நீங்க கை தட்டுனீங்க."

ஆண்டனிராஜின் கை மைக் செட் பொத்தானுக்குப் போனது. ஜீவிதாவைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஜெபம் பண்ணாதீங்கன்னு நான் சொல்லல. அது எனக்குத் தெரியாது. மாத்திரைய நிறுத்தாதீங்க. நாலு மாசமா அவளுக்கு வலிப்பு வராம இருந்தது மாத்திரை சாப்பிட்டதால. எனக்குத் தெரியும். நான் படிச்சவன். தெரிஞ்சுதான் சொன்னேன்." அவன் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பினான். "அவ இருக்காளான்னு ஒருத்தர் கேட்டாங்க. இருக்கான்னேன். இல்ல. அவ இல்ல."

இத்தனை நாளில் அந்தச் சொல்லை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேடையை விட்டு இறங்குமுன் கருப்பம்மாள் கயிற்றைத் தாண்டி வந்து சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"இருக்கான்னு சொன்னியேடா! உன்னிய நம்பித்தான பாவி, அஞ்சு நாளாக் குடுக்கலியே!" நெஞ்சில் இரண்டு அடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. "வீட்டுல மாத்திரை இருக்கு. அஞ்சு நாளுதையும் சேத்துக் குடுத்துரட்டுமா?"

"சேத்துக் குடுக்கக்கூடாது. வாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். கூட்டம் வழிவிட்டது; சிலர் திட்டினார்கள், ஒருவர் சாத்தானே என்றார். ஸ்கேன் கவர் வைத்திருந்த அம்மாள் வரிசையைவிட்டு விலகித் தனியாக நின்றுகொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ பிடிக்கும்போது, உள்ளே மைக்கில் ஜீவிதா, "எங்கப்பாவுக்குப் பதினோரு வருசமாச் சர்க்கரை இருந்துச்சு" என்று ஆரம்பிப்பது கேட்டது. ஸ்தோத்திரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கருப்பம்மாளை நன்றாகத் திட்டினார். பிள்ளையை ராத்திரி வைத்திருந்து பார்க்கவேண்டும் என்றார். விட்டதைச் சேர்க்க வேண்டாம், இந்த வேளைக்கு உள்ளதை மட்டும் இப்போதே கொடுங்கள் என்று எழுதினார். ஈஸ்வரன் கீழே ஓடி மாத்திரையும் ஒரு பொட்டலம் இட்லியும் வாங்கி வந்தான். கருப்பம்மாளுக்கு அட்டையைப் பிரிக்க வரவில்லை. அவன் வாங்கிப் பிரித்தான். வெள்ளையாக, நீளவாக்கில், நடுவில் ஒரு கோடு. பிள்ளை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீரில் அதை விழுங்கியது. பிறகு, தினமும் செய்து பழகினதுபோல, இவனைப் பார்த்து வாயை அகலத் திறந்தது. நாக்கைத் தூக்கிக் காட்டியது.

ஈஸ்வரன் குனிந்து பார்த்தான். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. இந்தக் கன்னத்தில் இல்லை. அந்தக் கன்னத்திலும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போதும் தம்பி" என்றாள் கருப்பம்மாள். "வாய மூடட்டும். புள்ளைக்கு வலிக்கும்."